மௌனச்சாமிக்கு ஏது பெண்டாட்டி?

கொட்டகையில் கலாட்டா வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், போலீசையா முதலாளியையா என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஒரு வார்த்தையில் சொல்கிற பதில் இல்லை அது. அதற்கு ஒரு முழு நாளின் கதையைச் சொல்லியாக வேண்டும். இத்தனை காலம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று ஒரு அம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த அம்மாளும் இல்லை, அவருக்கென்று இருந்தவர்களும் இல்லை. இனி சொன்னால் யாருக்கும் வலிக்காது. தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு உபயோகப்படலாம்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. மலையடிவாரத்திலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் டூரிங் டாக்கீஸ். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி. முன்னால் மணல் தரை, பின்னால் பெஞ்சு, கடைசியில் நான்கைந்து நாற்காலி. நான் மேனேஜர். முதலாளி அரக்கோணத்தில் இருந்தார். கொட்டகையில் இடி விழுந்தாலும் அவருக்குச் சேதி போய்ச் சேர மறுநாளாகும்.

அந்த வாரம் வந்து இறங்கிய படம் மௌனச்சாமி என்கிற ஒரு சாமியாரின் வாழ்க்கை. ஆந்திரப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் மரத்தடியில் வருஷக்கணக்காகப் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். அவர் சமாதியாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சுற்று வட்டாரத்தில் பாதி வீடுகளில் அவர் படம் மாட்டியிருக்கும்.

நான் எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறேன். அதைப்போல அறுவையான படத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கால்வாசிப் படம் வரைக்கும் பாட்டாகப் பாடித் தள்ளிவிட்டு, கதாநாயகர் மௌன விரதம் எடுத்துவிடுவார். அதற்கப்புறம் வேப்ப மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் அவர் வேலை. ஜமீன்தார் வந்து அவர் முன்னால் பாடுவார். ஆடு மேய்ப்பவன் வந்து பாடுவான். ஒரு தாசி வந்து ஆடிப் பாடித் திருந்திவிட்டுப் போவாள். அவர் அசைய மாட்டார். பீடி பிடிக்க வெளியே போனவர்கள் திரும்பி வந்து, "சாமி எழுந்தாரா?" என்று கேட்பார்கள். "இன்னும் இல்லப்பா" என்று பதில் வரும். கொஞ்ச நேரத்தில் கேட்டவர்களும் தூங்கிவிடுவார்கள்.

ஜனங்கள் விழித்துக்கொண்டு பார்த்தது ஒரே ஒரு காட்சி. அவர் சாமியார் ஆவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பெண்டாட்டி. அவள் சோறு போடாமல் ஏசுகிறாள். துடைப்பக்கட்டையை எடுத்து வாசல் வரைக்கும் அடித்துத் துரத்துகிறாள். அவர் அப்படியே மலையைப் பார்த்து நடந்துவிடுகிறார். கொட்டகையே சிரித்துப் புரளும்.

வம்பெல்லாம் அந்தக் காட்சியால்தான். சாமி பிறவித் துறவி, கல்யாணமே ஆகாதவர் என்பது மடத்துக்காரர்கள் சொல்லி வந்த சரித்திரம். நாங்கள் போடுவதற்கு முன் வேறு இரண்டு ஊர்களில் திரையைக் கிழித்திருந்தார்கள். எங்கள் போஸ்டர்களில் முதல் நாளே சாணி அடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மடத்துக் காரியஸ்தர் ஒரு கூட்டத்தோடு வந்தார். வயசானவர், முன்பு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். சாமி கூடவே கடைசி வரைக்கும் இருந்தவர் என்று அவருக்கு ஊரில் பெரிய மரியாதை. குரலை உயர்த்தாமல் பேசினார்.

"மேனேஜர், சாமிக்கு ஏது பொண்டாட்டி? அந்தத் துண்டை எடுத்துடுங்க. இன்னிக்கு முதல் ஆட்டத்துக்கு நாங்க வந்து உக்காருவோம். அது திரையில வந்தா, இந்தப் பசங்களுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

பின்னால் நின்ற பையன்கள் கொட்டகைக் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கீற்றும் துணியும். ஒரு தீக்குச்சி போதும். நான் யோசிக்கவே இல்லை. "எடுத்துடறேங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மட்டமான காட்சி அது. வெட்டினால் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆபரேட்டர் கோவிந்தனிடம் சொன்னேன். "பத்து நிமிஷ வேலை மேனேஜர், சாப்பிட்டுட்டு வந்து வெட்டி ஒட்டிடறேன்" என்றான்.

உச்சி வெயிலில் ஒரு அம்மாள் வந்தார். கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயசு. வேர்க்கடலைக் காட்டில் கூலி வேலை செய்கிறவர் என்று கை விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. டிக்கெட் தட்டிக்கு வெளியே தயங்கித் தயங்கி நின்றார்.

"நைனா, நேத்து ஆட்டத்துல ஒரு பொம்பள தொடப்பத்தால அடிக்கிறா இல்ல, அதப் பத்தி ஒண்ணு கேக்கணும்."

இன்னொரு புகார் என்று நினைத்தேன். "கவலைப்படாதீங்கம்மா. இன்னிலேர்ந்து அது வராது. வெட்டச் சொல்லிட்டேன்."

அவர் முகம் செத்துப்போனது. தட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வேணாம் நைனா. அத எடுத்துடாத."

"ஏம்மா?"

"அது நான்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. சினிமாவில் நடித்த ஏதோ துணை நடிகையா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் அவர் என்ன சொல்கிறார் என்று உறைத்தது. உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தேன். வெயிலுக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று மணலில் படுத்திருந்தது. அவர் அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவர் பெயர் செங்கம்மா. சாமியார் ஆனவர் அவர் புருஷன். கூலி வேலைக்குத்தான் இருவரும் போய் வந்திருக்கிறார்கள். ஒரே மகள், நகரிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"அவருக்குத் திக்கும் நைனா. ஒரு வார்த்த சேந்தாப்ல வராது. நேத்து படத்துல பாடறாரே, அத்தனை பாட்டு! அதப் பாத்துத்தான் எனக்கு அழுகையே வந்துச்சி. கூட இருந்தவங்க பக்தியில அழுவுறேன்னு நெனச்சிகினாங்க."

ஊரெல்லாம் கும்பிடுகிற மௌனம் விரதமில்லை, திக்குவாய்.

"நீங்க அடிச்சீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் ஏன் அடிக்கிறேன்? கனகம்மாசத்திரத்துச் சந்தையில நாலு பேரு அவரப் புடிச்சி வச்சிகினு, பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு விளையாட்டுக் காட்னாங்க. ஜனமெல்லாம் சுத்தி நின்னு சிரிச்சிது. வூட்டுக்கு வந்தவரு சோறு திங்கல. அப்புறம் ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போறேன்னு கைய காட்டிட்டுப் போனாரு. அவ்ளோதான், வரல."

பல வருஷம் கழித்து, கும்பிடப் போன பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வந்து, உன் புருஷன் அங்கே சாமியாக உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். செங்கம்மா போய் நின்றிருக்கிறார். வாசலில் இருந்தவர்கள், சாமிக்கு ஏது பெண்டாட்டி, கும்பிட்டுவிட்டுப் போ என்று வரிசையில் விட்டிருக்கிறார்கள். சாமி அவரைப் பார்த்தாராம். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

"நீங்க கூப்பிடலையா?"

"கூப்ட்டா அவரு பதில் சொல்லணுமே நைனா. அத்தனை பேரு எதிர்ல. திக்குமே."

வாழ்க்கையில் எனக்குச் சில சமயம் அதிர்ச்சி வந்திருக்கிறது. கொட்டகை தீப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை கொடுத்த அதிர்ச்சிபோல வேறெதுவும் இல்லை.

"அப்போ அந்தக் காட்சி அவதூறு இல்லையாம்மா? உங்களப் பேய் மாதிரி காட்டறாங்க. எடுத்துடறதுதானே நல்லது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மடத்துக்காரங்க நான் இல்லவே இல்லன்றாங்க. இந்தப் படத்துக்காரங்க நான் அடிச்சேன்றாங்க. அடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன் நைனா. இருந்தேன்னாவது தெரியுது இல்ல."

கோவிந்தன் கத்தரியோடு வந்து வாசலில் நின்றான். அவனைப் போகச் சொல்லிக் கை காட்டினேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காரியஸ்தருக்கு வெட்டுகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. வெட்டாமல் போட்டால் ரத்தக்களரி. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினேன். அங்கே தெலுங்கில் எழுதி வாங்கிக்கொண்டு, சாயந்திரம் இரண்டு கான்ஸ்டபிள்கள் வருவார்கள் என்றார்கள். வந்தார்கள், படம் பார்த்தார்கள், தூங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் செய்தது இதுதான். கூட்டத்தோடு வந்து மிரட்டினவரைத் தனியாக வரவழைத்தேன். அவர் கோயில் குளத்துப் பக்கம் சத்திரத்தில் தங்கியிருந்தார். கோவிந்தனை அனுப்பி, "எந்த இடத்தில் வெட்டணும்னு ஐயாவே வந்து காட்டணும். பிலிம் சட்டுனு பத்திக்கும், கூட்டம் வேணாம்" என்று சொல்லச் சொன்னேன். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யாரும் மனசு மாற மாட்டார்கள். மாறினாலும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அவரிடம் பேசலாமா என்று செங்கம்மாவை முதலில் கேட்டேன். "அவருகிட்ட மட்டும். வேற யாருக்கும் தெரியக் கூடாது. எம் பொண்ணு வாழற வூட்ல, உங்கப்பன் போட்டது சாமி வேஷம், அது இதுன்னு பேச்சு வரும்" என்றார். அப்போதுதான் வாக்குக் கொடுத்தேன்.

காரியஸ்தர் வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, காலையில சொன்ன வார்த்தையை என்னால காப்பாத்த முடியல. அந்தக் காட்சியை எடுக்கறதுக்கில்ல. உங்க ஆளுங்க எதிர்ல சொல்றதைவிட உங்ககிட்டத் தனியா சொல்லிடணும்னுதான் கூப்பிட்டேன். இந்த அம்மா சாமியோட வீட்டுக்காரம்மா."

அவர் செங்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

"இந்த மாதிரி வருஷத்துக்கு ஒருத்தி வருவா. யார் ஏவிவிட்டது? படக் கம்பெனியா?"

"யாரும் இல்லீங்க" என்றார் செங்கம்மா.

"சாமி உம் புருஷன். சரி. உன்ன என்னன்னு கூப்பிடுவார்? சொல்லு பாப்போம்." வாத்தியார் பிள்ளைகளை மடக்குகிற குரல்.

செங்கம்மாவுக்கு அது பரீட்சையாகவே தெரியவில்லை. வீட்டு விஷயத்தை யாரோ விசாரிக்கிறார்கள் என்பதுபோலச் சொன்னார்.

"பேரச் சொல்லித்தாங்க. செங்கம்மா எம் பேரு. ஆனா முழுசா வராது அவருக்கு. செ… செ…ன்னு நின்னுடும். அவரு கஷ்டப்படக் கூடாதுன்னு அதுக்குள்ளயே நான், ஏன் கூப்ட்டன்னு கேட்டுடுவேன்."

காரியஸ்தரின் தோளில் இருந்த துண்டு கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். மாரடைப்போ என்று பயந்து நான் தண்ணீர் கொண்டு ஓடினேன்.

"என்னங்க ஐயா?"

சொம்பைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினார். என்னிடம் பேசுகிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

"கடைசி நாள்ல அவர் வாயத் திறந்தார். அத்தனை வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான். நான் தலைமாட்டுல இருந்தேன். செ… செ…ன்னார். ரெண்டு மூணு தடவை. அப்புறம் மூச்சு நின்னுடுச்சு. முருகனைத்தான் கூப்பிட்டார், செவ்வேள்னு சொல்ல வந்தார்னு ஒரு பண்டிதர் அர்த்தம் சொன்னார். சமாதியில செவ்வேள்னே கல்லுல வெட்டி வச்சிருக்கோம். ஜனங்க அத்தத் தொட்டுக் கும்பிடறாங்க."

நான் செங்கம்மாவைப் பார்க்கவே பயந்தேன். அவர் அழவில்லை. கையில் இருந்த முந்தானை முனையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

"நான் பக்கத்துல இல்லியே, ஏன்னு கேக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலைக்குப் போகிற ஜனங்கள் மஞ்சள் துணியோடு அரோகரா சொல்லிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது காரியஸ்தர் எழுந்து புறப்பட்டிருந்தார். படத்தைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் என்ன செய்வார் என்று எனக்குத் துளியும் தெரியாது. வாளிகளில் தண்ணீரும் மணலும் நிரப்பி வைத்தேன். பெண்கள் பக்கத்துத் தட்டியை ஓரமாக அவிழ்த்து, ஓட ஒரு வழி செய்து வைத்தேன். கோவிந்தனிடம், என்ன நடந்தாலும் நான் கை காட்டுகிற வரைக்கும் நிறுத்தாதே என்றேன்.

முதல் ஆட்டத்துக்கு அவர்கள் வந்தார்கள். காரியஸ்தருக்கு நாற்காலி போட்டேன். வேண்டாம் என்று பையன்களுக்கு முன்னால் மணலில் போய் உட்கார்ந்தார். செங்கம்மா ஊர்ப் பெண்களோடு தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காட்சி வந்தது. துடைப்பத்தைக் கண்டதும் வழக்கமான சிரிப்பு எழுந்தது. மடத்துப் பையன்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவன் கையில் கல் இருந்தது. காரியஸ்தர் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"உக்காருங்கடா."

"ஐயா, சாமிக்குப் பொண்டாட்டின்னு காட்றானுங்க, நீங்க…"

"உக்காருன்னேன்."

"பொய்யிங்கய்யா இது!"

"அடிச்சதுதான்டா பொய்" என்றார். "உக்காரு."

அவர் சொன்னது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். ஆனால் அந்தப் பையன்களின் முகத்தை நான் பார்த்தேன். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. கல்லை வைத்திருந்தவன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மெதுவாக மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். திரையில் சாமியார் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஜமீன்தார் பாட ஆரம்பித்தார். அரை மணியில் கலாட்டா செய்ய வந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். தூங்காதவர்கள் காரியஸ்தரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படம் அந்த வாரம் முழுக்க வெட்டாமல் ஓடியது. ஒருவரும் கல் எறியவில்லை. முதலாளி விஷயம் தெரிந்ததும், ஏன் வெட்டவில்லை என்று என்னைக் கண்டபடி திட்டினார். சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்ததால் திட்டை வாங்கிக்கொண்டேன். இந்தத் தொழிலில் அதற்கும் பழகிக்கொள்ளுங்கள். சமாதிக் கல்லை மாற்றினார்களா என்று கேட்பீர்கள். பின்னால் ஒரு தரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். மாற்றவில்லை. காரியஸ்தர் மாற்றச் சொன்னாரா, சொல்லி மற்றவர்கள் கேட்கவில்லையா, தெரியாது. செங்கம்மா அதை ஒருபோதும் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆட்டம் விட்ட பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஜனம் கலைந்துகொண்டிருந்தது. காரியஸ்தர் பையன்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பெண்கள் வெளியே வருகிற வழியில் ஓரமாக நின்றார். நானும் கூட நின்றேன். கே.ஜி.கண்டிகைப் பெண்கள் மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். செங்கம்மா அவரைப் பார்த்ததும் தானாகவே கிட்டே வந்தார்.

"ஐயா, அவரு நெசமாவே அப்டியேதான் உக்காந்துகினு இருந்தாரா? அத்தனை வருஷமும்?"

"ஆமாம்மா."

"சோறு?"

"ஒரு வேளை. மடத்துல சமைச்சதை நான்தான் எடுத்துகினு போய் வைப்பேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டார்."

செங்கம்மா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "நல்லா இருக்கணும் நீங்க" என்றார். அவர் மனசாரச் சொன்னார். தன்னைக் கும்பிட்டவரை என்ன செய்வதென்று தெரியாமல் காரியஸ்தர் கூனிக் குறுகி நின்றார்.

வண்டிக்காரன் கூப்பிட்டான். செங்கம்மா "ஆங், வரேன்" என்று நாலு எட்டு போய், திரும்பி வந்தார்.

"காரம் மட்டும் அவருக்கு ஆவாதுங்க. வயித்தப் புடிச்சிகினு சுருண்டுடுவாரு. நான் ஒரு மொளகா கூடக் கிள்ளிப் போட மாட்டேன். காரம் இல்லாமத்தான போட்டீங்க?"

ஆந்திரப் பக்கத்து மடத்துச் சமையல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோங்கூரா என்கிற புளிச்சக்கீரையும் பச்சை மிளகாயும் அரைத்துச் சோற்றில் குழைத்து வைப்பார்கள். பழக்கமில்லாதவன் ஒரு வாய் போட்டால் காது அடைத்துக்கொள்ளும்.

காரியஸ்தர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்ததுபோல இருந்தது. பிறகு அந்த அம்மாளைப் பார்த்தார்.

"அவர் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். "சாப்பிடறப்போ கண்ணுல தண்ணியா ஊத்தும். நாங்க அத… நாங்க அத…"